பிளாக்செயின் நோடு: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படி ஓட்டுவது? செட்டிநாட்டிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியில் என் வீட்டில் ஒரு பிட்காயின் நோடு ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, கல்லூரி மாணவர்கள் முதல் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் வரை பலரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நோடு என்பது உண்மையில் என்ன?

பிளாக்செயின் என்பது, பரிவர்த்தனைகளைத் தொகுதி தொகுதியாகக் கட்டி, சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் பல கணினிகளில் வைத்திருக்கும் பொதுப் பேரேடு. அதன் விதிகள் எழுதப்பட்ட மென்பொருளை ஓட்டிக்கொண்டு, அதே மென்பொருளை ஓட்டும் பிற கணினிகளோடு இணையம் வழியே தொடர்பில் இருக்கும் கணினியை நோடு என்கிறோம். கணு என்ற கலைச்சொல்லும் உண்டு; பேச்சில் நோடு என்பதே நிலைத்துவிட்டதால் இங்கும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வட்டிக்கடைக் கணக்கு எனக்குப் பெரிதும் உதவியிருக்கிறது. ரங்கூனிலோ பினாங்கிலோ இருந்த கடையில் மேலாள் எழுதிய கணக்கு, ஊரில் இருந்த முதலாளிக்கு வந்து சேரும். அவர் அதை வரிவரியாகப் பார்த்து, ஐந்தொகை நேராகிறதா என்று சோதிப்பார். பிளாக்செயினில் ஒவ்வொரு முழு நோடும் அந்த முதலாளியின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பேரேட்டின் முதல் வரியிலிருந்து இன்றைய வரி வரை தானே கூட்டிப் பார்த்து, விதிக்கு ஒவ்வாத பதிவு எங்கிருந்து வந்தாலும் அதைத் தள்ளிவிடுகிறது. இந்த ஒப்புமை ஓர் இடத்தோடு நின்றுவிடும். ரங்கூன் தெண்டாயுதபாணி கோவிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தவர்கள் ஒருவரையொருவர் குலம், கோவில் வரை அறிந்தவர்கள். ஒரு பிட்காயின் நோடுக்கோ எதிரில் இருப்பது யாருடைய கணினி என்பது தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

நோடு வைத்தால் மாதம் எவ்வளவு வரும்?

முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். பிட்காயின் முழு நோடு ஓட்டுவதால் ஒரு ரூபாய்கூட வராது. வருமானம் கிடைப்பது சுரங்கம் நடத்துவோருக்கு, அதாவது புதிய தொகுதியை உருவாக்கப் போட்டியிடுவோருக்கு. அவர்கள் அதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரங்களைப் பெரும் மின்செலவில் ஓட்டுகிறார்கள். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உருவாகும் தொகுதிக்கு 2009-இல் 50 பிட்காயின் பரிசாகக் கிடைத்தது. 2,10,000 தொகுதிகளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்து வந்து, 2024 ஏப்ரலிலிருந்து 3.125 பிட்காயினாக இருக்கிறது. வீட்டில் இருக்கும் சிறிய கணினி அந்தப் போட்டியில் கலந்துகொள்வதே இல்லை.

எத்தேரியம் என்னும் இன்னொரு பிளாக்செயினில், அதன் நாணயமான ஈத்தரில் 32-ஐப் பிணையாகக் கட்டி, புதிய தொகுதிகளுக்கு வாக்களிக்கும் சரிபார்ப்பாளராக இருப்பவருக்கு வருமானம் உண்டு. அது பிணைத்தொகைக்குக் கிடைப்பது. அதைப் பின்னால் பார்ப்போம்.

இதற்கிடையில், 'எங்களிடம் நோடு வாங்குங்கள், மாதாமாதம் இத்தனை விழுக்காடு தருகிறோம்' என்று யாராவது வீட்டுக்கு வந்தால், அவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நோடு மென்பொருள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும்போது, நீங்கள் விற்பது என்ன? அதற்கு நேரான பதில் வராவிட்டால் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம்.

வருமானம் இல்லையென்றால் எதற்காக ஓட்ட வேண்டும்?

பிறர் சொல்வதைக் கேட்டு நம்புவதற்குப் பதிலாக நீங்களே சரிபார்ப்பதற்காக. 2010 ஆகஸ்ட் 15 அன்று பிட்காயின் மென்பொருளில் இருந்த ஒரு பிழையால் 18,400 கோடிக்கும் மேற்பட்ட நாணயங்களை உருவாக்கிய ஒரு பரிவர்த்தனை தொகுதியில் ஏறிவிட்டது. பிட்காயினின் மொத்த வரம்போ 2.1 கோடிதான். சில மணி நேரத்தில் திருத்தப்பட்ட மென்பொருள் வெளியானது. அதை நிறுவிய நோடுகள் அந்தத் தொகுதியை ஏற்க மறுத்ததால் சரியான சங்கிலி முன்னேறி, தவறான சங்கிலி பின்தங்கி அழிந்தது. விதியைக் காப்பாற்றியவை நோடுகள்.

இரண்டாவது காரணம் அந்தரங்கம். கைபேசிப் பணப்பை (நாணயத்தைச் செலவழிக்கும் இரகசிய எண்ணான சாவியை வைத்திருக்கும் செயலி) தன் இருப்பைக் காட்டுவதற்கு ஏதோ ஒரு நிறுவனத்தின் சேவையகத்திடம் உங்கள் முகவரிகளைக் கொடுத்துக் கேட்கிறது. எந்தெந்த முகவரிகள் ஒருவருக்கே உரியவை என்பதை அந்தச் சேவையகம் எளிதாகக் கண்டுகொள்ளும். சொந்த நோடோடு பணப்பையை இணைத்தால் கேள்வி வீட்டை விட்டு வெளியே போகாது.

மூன்றாவது, பிறரைச் சார்ந்திராமை. 2020 நவம்பர் 11 அன்று, பல எத்தேரியச் செயலிகள் நம்பியிருந்த இன்ஃப்யூரா என்னும் சேவை, கெத் என்னும் எத்தேரிய நோடு மென்பொருளின் பழைய பதிப்பை ஓட்டிக்கொண்டிருந்ததால் மற்றவர்களின் சங்கிலியிலிருந்து பிரிந்துபோனது. சில நாணயச் சந்தைகள் ஈத்தரை வெளியே எடுப்பதையே அன்று நிறுத்திவைத்தன. தம் சொந்த நோடைப் புதுப்பித்து வைத்திருந்தவர்களுக்கு அது வழக்கமான ஒரு நாளாகவே கழிந்தது.

இந்த மூன்றில் எதுவும் உங்களுக்குத் தேவைப்படவில்லை என்றால் நோடு வைக்காமல் இருப்பதே சரி. வீட்டில் இன்னொரு மின்கருவியைச் சேர்த்து, அதைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எத்தனை வகைகள் உள்ளன? எனக்கு எது பொருந்தும்?

வகைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, உங்கள் நோடிடம் நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். வகை தானே அமைந்துவிடும்.

'எனக்கு வந்த பணம் விதிப்படி வந்ததா?' என்பது மட்டும்தான் கேள்வி என்றால் கத்தரிக்கப்பட்ட முழு நோடு போதும். அது எல்லாவற்றையும் சோதித்துவிட்டுப் பழைய தொகுதிகளை அழித்துவிடும். 'பழைய பரிவர்த்தனை எதையும் நான் தேடிப் பார்க்க வேண்டும், புதிதாகச் சேரும் பிற நோடுகளுக்கும் பழைய பதிவுகளைக் கொடுக்க வேண்டும்' என்றால் கத்தரிக்காத முழு நோடு தேவை. பிட்காயினில் பரிவர்த்தனை அட்டவணையையும் கூடவே இயக்கிவைக்க வேண்டும்.

'2019 சித்திரை முதல் நாளில் இந்தக் கணக்கில் எவ்வளவு இருப்பு இருந்தது?' என்று எத்தேரியத்திடம் கேட்க வேண்டுமானால் ஆவண நோடு வேண்டும். ஒவ்வொரு தொகுதியின்போதும் எல்லாக் கணக்குகளும் இருந்த நிலையைச் சேமித்து வைத்திருப்பது இது. கெத் மென்பொருளில் பழைய முறைப்படி இதை வைத்திருந்தால் 12 டெராபைட்டுக்கு (டிபி) மேல் இடம் பிடிக்கும். எரிகான், ரெத் போன்றவை இதைச் சில டிபிக்குள் சுருக்கிவிட்டன. ஆய்வாளர்களுக்கும் தணிக்கை நிறுவனங்களுக்கும் பயன்படுவது, வீட்டுக்கு வேண்டாம்.

இலகு நோடு தொகுதிகளின் தலைப்புகளை மட்டும் வைத்திருக்கும். பிட்காயினில் ஒரு தலைப்பு 80 பைட். ஆண்டு முழுவதற்கும் 4.2 எம்பிதான் என்று 2008-இல் வெளியான மூல ஆவணத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கைபேசியில் ஓடக்கூடியது. ஆனால் விதிகள் முழுவதையும் அது சோதிக்காது. சுரங்கக் கணினிகளின் உழைப்பு அதிகம் செலவான சங்கிலி சரியானதாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொள்கிறது. மளிகைக் கடை அளவிலான பணத்துக்கு இந்த நம்பிக்கை தாராளமாகப் போதும்.

கத்தரிக்கப்பட்ட நோடு அரைகுறை நோடுதானே?

இல்லை. நகரத்தார் கோவில் கணக்கில் குடும்பங்களை எண்ணும் புள்ளி, அரைப்புள்ளி என்ற பகுப்பைக் கேட்டுப் பழகியதாலோ என்னவோ, இதையும் அரைப்புள்ளியாகவே பலர் நினைக்கிறார்கள். 2009 ஜனவரி 3 அன்று உருவான முதல் தொகுதியிலிருந்து எல்லாவற்றையும் இதுவும் பதிவிறக்கித்தான் சோதிக்கிறது. சோதித்து முடித்த பிறகு, இன்று செலவழிக்கப்படாமல் எந்தெந்தத் தொகைகள் யார் யாரிடம் உள்ளன என்ற பட்டியலையும் கடைசிச் சில தொகுதிகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுகிறது. முழுச் சங்கிலி 2025-ஆம் ஆண்டிலேயே 600 ஜிபியைத் தாண்டிவிட்டது. கத்தரித்தால் அந்தப் பட்டியலுக்குப் பத்துப் பதினைந்து ஜிபியும் தொகுதிகளுக்குக் குறைந்தது 550 எம்பியும் போதும். பழைய மடிக்கணினிக்கு இது பொருத்தமான வேலை.

இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். பழைய தொகுதிகளைப் பிறருக்கு அளிக்க இதனால் இயலாது. பல ஆண்டுகளுக்கு முன் பயன்படுத்திய பணப்பையை இதில் புதிதாக ஏற்றி வரலாற்றைத் தேடினால், எல்லாவற்றையும் மீண்டும் பதிவிறக்க நேரிடும். ஆகவே பழைய பணப்பையை ஏற்றிய பிறகு கத்தரிப்பதே நல்லது.

எத்தேரியத்துக்கு இரண்டு மென்பொருள் ஓட வேண்டும் என்கிறார்களே?

2022 செப்டம்பர் 15 அன்று எத்தேரியம் சுரங்க முறையைக் கைவிட்டுப் பிணை முறைக்கு மாறியதிலிருந்து அப்படித்தான். பரிவர்த்தனைகளை நிறைவேற்றிக் கணக்கு நிலையை வைத்திருக்க ஒன்று: கெத், நெதர்மைண்ட், பேசு, எரிகான், ரெத் ஆகியவற்றுள் ஏதேனும். எந்தத் தொகுதி சங்கிலியில் சேர்கிறது என்பதில் மற்றவர்களோடு ஒத்துப்போக இன்னொன்று: லைட்ஹவுஸ், பிரிசம், டேக்கு, நிம்பஸ், லோட்ஸ்டார் ஆகியவற்றுள் ஒன்று. இரண்டும் ஒரே கணினியில் ஓடலாம். ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது.

எல்லோரும் ஓட்டுவதையே நாமும் ஓட்டுவோம் என்பது பொதுவாகப் பாதுகாப்பான புத்தி; இங்கே மட்டும் அது ஆபத்து. 2024 ஜனவரி 21 அன்று நெதர்மைண்டில் ஒரு பிழையால் அதை ஓட்டிய நோடுகள் தொகுதிகளைச் சோதிக்க முடியாமல் நின்றன. அதை ஓட்டியவர்கள் சிறுபான்மையாக இருந்ததால் வலையமைப்பு தொடர்ந்து நடந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே மென்பொருளை வைத்திருந்து அதில் பிழை வந்திருந்தால், தவறான சங்கிலியே இறுதியானதாக முடிவாகியிருக்கும். சிறுபான்மை மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர் தம்மையும் காத்து மற்றவர்களையும் காக்கிறார்.

எந்தக் கணினியை வாங்குவது?

பிட்காயினுக்கு ராஸ்பெரி பை 5 என்னும் சிறு அட்டைக் கணினி அல்லது கையடக்கமான மினி கணினி, 8 ஜிபி நினைவகம், கத்தரிக்காமல் வைப்பதானால் 2 டிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்). 1 டிபி இன்றைக்குப் போதும் என்றாலும், ஆண்டுக்கு 80 ஜிபி அளவில் சங்கிலி வளர்வதால் சில ஆண்டுகளில் மறுபடி கடைக்குப் போக வேண்டியிருக்கும். எத்தேரியத்துக்கு 32 ஜிபி நினைவகம், 4 டிபி என்விஎம்இ (அதிவேக இணைப்புள்ள) எஸ்எஸ்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 டிபியில் தொடங்கலாம், அடிக்கடி துப்புரவு செய்ய வேண்டிவரும்.

நடுச்செயலியை (சிபியு) பற்றிக் கவலைப்படுவோர் எஸ்எஸ்டியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நானும் அப்படித்தான் ஏமாந்தேன். விலை பாதியாக இருக்கிறதே என்று ஒரு எஸ்எஸ்டியை எத்தேரியத்துக்காக வாங்கினேன். முதல் சில மணி நேரம் வேகமாக எழுதியது. பிறகு வேகம் படிப்படியாக விழுந்து, ஒரு வாரம் ஓடியும் நோடு சங்கிலியின் தலையை எட்டவே இல்லை. ஒவ்வொரு 12 நொடிக்கும் ஒரு புதிய தொகுதி வந்துகொண்டிருக்க, என் நோடு அதைவிட மெதுவாக எழுதியது என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. தற்காலிக நினைவகம் (டிராம்) இல்லாமல், ஓர் அறையில் நான்கு பிட்டைத் திணிக்கும் மலிவு வகை (க்யூஎல்சி) அது. கடையில் 'டிராம் உண்டா, டிஎல்சியா க்யூஎல்சியா?' என்று கேட்டு, டிராம் உள்ள, அறைக்கு மூன்று பிட் மட்டும் வைக்கும் டிஎல்சியை வாங்குங்கள். பழைய சுழலும் வட்டு இந்த வேலைக்கு உதவாது.

மின்கட்டணம் எவ்வளவு ஏறும்? மின்தடைக்கு என்ன செய்வது?

10 வாட் எடுக்கும் சிறு கணினி, இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 14.4 யூனிட் ஆகிறது. 25 வாட் மினி கணினிக்கு 36 யூனிட். பழைய மேசைக் கணினியை எடுத்து 70 வாட்டில் ஓட்டினால் 100 யூனிட்டைத் தாண்டும். வீட்டுப் பயன்பாடு ஏற்கெனவே கட்டணப் படியின் விளிம்பில் இருந்தால், இந்த 100 யூனிட் அடுத்த படிக்குத் தள்ளிவிடும். இலவசமாகக் கிடைத்த கணினி சில ஆண்டுகளில் அதிக விலை உள்ளதாகிவிடும்.

மின்தடையைவிட, மின்சாரம் போய் வரும் அந்த நொடிதான் கெடுதல். நோடு எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென அணைந்தால் தரவுத்தளம் பழுதாகி, முதலிலிருந்து அட்டவணை போட வேண்டியிருக்கலாம். வீட்டு இன்வெர்ட்டரின் பின்புறத்தில் சாதாரண முறை, யுபிஎஸ் முறை என்று ஒரு பொத்தான் இருக்கும். அது யுபிஎஸ் முறையில் இருந்தால்தான் கணினி விழாமல் மாற்றம் நடக்கும். பலர் வீட்டில் அது சாதாரண முறையிலேயே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஃபைபர் பெட்டியையும் அதே இணைப்பில் மாட்டுங்கள். கணினி உயிரோடிருந்து இணையம் செத்திருந்தால் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும் இரவுகளுக்காக நில இணைப்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு மின்பணியாளரைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

பழைய செட்டிநாட்டு வீட்டில் எங்கே வைப்பது?

தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் கொண்ட இந்த வீடுகள், சித்திரை வெயிலில்கூடக் கணினிக்கு உகந்தவை. புதிய கான்கிரீட் வீட்டின் மாடி அறையைவிட இரண்டாங்கட்டின் உள்ளறை எவ்வளவோ மேல். எஸ்எஸ்டி 70 பாகை செல்சியசைத் தாண்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால் இது சிறிய ஆதாயமில்லை. திறந்த முற்றமுள்ள வளவை ஒட்டிய இடம் மட்டும் வேண்டாம்: சாரல், புறா, தூசி மூன்றும் உண்டு.

அதே சுவர்தான் வைஃபையை அடியோடு விழுங்கும். முகப்பில் ஃபைபர் பெட்டி, உள்கட்டில் நோடு என்றால் கம்பி இழுப்பதே வழி. ஈத்தர்நெட் கம்பி 100 மீட்டர் வரை போகும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளும் வீட்டுக்கும் போதும். அதற்காக ஆத்தங்குடிக் கல்லையோ முட்டைப் பூச்சுச் சுவரையோ துளைக்காதீர்கள். நிலைக்கதவின் மேற்சட்டத்தை ஒட்டிக் கொண்டுபோகலாம்.

வீடு பூட்டிக் கிடக்கிறது. நாங்கள் சென்னையில் இருக்கிறோம். அங்கே நோடு வைக்கலாமா?

திருமணத்துக்கும் முன்னோர்க்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் பல இருப்பதால், கேட்பவரும் அதிகம். பிட்காயின் முழு நோடு என்றால் வைக்கலாம். மின்சாரம் வந்ததும் தானே இயங்கும்படி கணினியின் அடிப்படை அமைப்பிலேயே ஒரு தேர்வு உண்டு. அதை இட்டுவிட்டு, தொலைவிலிருந்து உள்ளே நுழைய மறைகுறியீடு செய்த தனி இணைப்பை அமைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் அணைந்திருந்தாலும் திரும்ப எழுந்து, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும்.

நண்பர் ஒருவரின் நோடு ஒவ்வொரு மாலையும் ஆறு மணிக்கு அணைந்து காலையில் எழுந்தது. மென்பொருளில் ஒரு வாரம் குற்றம் தேடினோம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், ஆளில்லாத வீட்டில் எதற்கு மின்சாரம் என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சரிபார்ப்பாளர் நோடை மட்டும் பூட்டிய வீட்டில் வைக்காதீர்கள்.

இணைய இணைப்பு எப்படி இருக்க வேண்டும்?

வேகத்தைவிட மொத்த அளவைப் பாருங்கள். 'அளவற்றது' என்று விளம்பரம் செய்யப்படும் திட்டங்களில் மாதம் 3300 ஜிபி போன்ற ஓர் உச்சவரம்பு சிறிய எழுத்தில் இருப்பது வழக்கம். கத்தரித்தாலும் கத்தரிக்காவிட்டாலும் பிட்காயினின் முதல் பதிவிறக்கம் 600 ஜிபிக்கு மேல். கைபேசித் தரவில் இது நடக்காது. பிறகு பிறருக்குப் பதிவேற்றுவதற்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்க மென்பொருளிலேயே வழி உண்டு. எத்தேரியம் மாதம் ஒரு டிபி வரைகூட எடுத்துக்கொள்ளும்.

வீட்டு இணைப்புகள் பலவற்றில் பொதுவான ஐபி முகவரி ஒன்றைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறார்கள். அப்போது பிட்காயின் நோடுகள் பேசிக்கொள்ளும் வாயிலான 8333-ஆம் துறையை (port) ரவுட்டரில் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. இதனால் உங்கள் சரிபார்ப்புக்குக் குறைவில்லை. உங்கள் நோடு தானே வெளியே போய் வழக்கமாகப் பத்து இணைப்புகளை ஏற்படுத்திக்கொள்ளும். பிறருக்கும் உதவ விரும்பினால் முகவரியை மறைத்து இணைக்கும் டார் வலை வழியாக வருகையை ஏற்கலாம்.

முதல் ஒத்திசைவு எத்தனை நாள் ஆகும்?

நல்ல மினி கணினியில் பிட்காயினுக்கு ஒரு நாள். ராஸ்பெரி பையில் சில நாள். மென்பொருளின் தற்காலிக நினைவு அளவு இயல்பாகக் குறைவாக இருப்பதை, 8 ஜிபி உள்ள கணினியில் 4 ஜிபியாக உயர்த்தினால் வெகுவாக விரைவுபடும்; முடிந்ததும் பழைய அளவுக்குக் குறைத்துவிடலாம். தொடங்கும் முன் பதிவிறக்கிய மென்பொருளில் அதை வெளியிட்டவர்களின் மின்னணுக் கையொப்பத்தைச் சரிபாருங்கள். 'நண்பரின் வட்டிலிருந்து சங்கிலியை நகலெடுத்துக்கொள்கிறேன்' என்பது வசதியாகத் தோன்றினாலும், அவர் கூட்டிய கணக்கை நீங்கள் நம்புவதாகவே ஆகிறது.

32 ஈத்தர் கட்டிச் சரிபார்ப்பாளர் ஆகலாமா?

ஆகலாம், ஆனால் இதுவரை சொன்னவற்றில் தவறினால் நேரம்தான் போகும், இதில் பணம் போகும். ஒவ்வொரு 6.4 நிமிடத்துக்கும் ஒரு முறை உங்கள் சரிபார்ப்பாளர் தன் வாக்கைப் பதிவு செய்ய வேண்டும். இணையம் போய் விடுபட்டால் அபராதம் உண்டு. அது அந்த நேரத்தில் ஈட்டியிருக்கக்கூடிய தொகை அளவுக்கே இருப்பதால், ஒரு நாள் அணைந்திருந்தால் அடுத்த நாள் சம்பாதிப்பது அதை ஈடு செய்துவிடும். மின்தடைக்கு அஞ்சி நடுங்க வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது, மின்தடைக்கு அஞ்சிச் செய்யும் காரியத்துக்கு. ஒன்று அணைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று, ஒரே சாவியை இரண்டு கணினிகளில் ஏற்றி வைக்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உயிர்பெற்று முரணான இரண்டு வாக்குகளில் கையெழுத்திட்டால், வலையமைப்பு அதை மோசடியாகவே எடுத்துக்கொள்ளும்: பிணையில் ஒரு பகுதி வெட்டப்படும், வலுக்கட்டாயமாக வெளியேற்றப்படுவீர்கள், மீதித்தொகை ஏறத்தாழ 36 நாள் முடங்கிக் கிடக்கும், அதே காலத்தில் மேலும் பலர் இப்படி அகப்பட்டிருந்தால் வெட்டு இன்னும் ஆழமாகும். முதலீட்டைக் காக்க இரண்டு பூட்டுப் போடும் நம் பழக்கம் இங்கே எதிராகத் திரும்பும். கணினியை மாற்றும்போதும் பழையதை அணைத்து, அதிலிருக்கும் கையெழுத்துப் பதிவேட்டை எடுத்துப் புதியதில் ஏற்றி, சிறிது நேரம் காத்திருந்து தொடங்குங்கள். அந்தக் காத்திருப்பில் இழப்பது சில்லறை.

கட்டிய பிணையைத் திரும்ப எடுக்கும் வசதி 2023 ஏப்ரல் 12 முதல் உண்டு. வெளியேறுவோர் வரிசை நீண்டிருந்தால் காத்திருக்க நேரிடும்.

மின்னல் நோடு பற்றி?

பிட்காயினின் மேல் அமர்ந்து சிறு தொகைகளை உடனுக்குடன் அனுப்ப உதவும் லைட்னிங் வலையமைப்பைக் கேட்கிறீர்கள். இதில் சாவி எப்போதும் இணையத்தில் இருக்கும் கணினியிலேயே இருக்கும். கல்லாப்பெட்டியில் வைக்கும் அளவுக்கு மேல் வைக்காதீர்கள். பழைய காப்புப்படியை மீட்டு அப்படியே தொடங்கினால், பழைய கணக்கைக் காட்டி ஏமாற்ற முயன்றதாகக் கருதப்பட்டு அந்தத் தடத்தில் (இருவருக்கிடையே திறந்த கொடுக்கல்-வாங்கல் கணக்கில்) உள்ள முழுத் தொகையும் எதிர்த்தரப்புக்குப் போய்விடக்கூடும். கடைக்காரர்கள் சோதனைக்காக வைக்கலாம்.

எங்கள் கண்டாங்கிச் சேலைக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் சொந்தமாகப் பிளாக்செயின் அமைத்தால் போலியைத் தடுக்கலாமா?

காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. இதற்கு அழைப்பின்றி நுழைய முடியாத வலையமைப்பு பொருந்தும். ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்னும் மென்பொருள் அதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அங்கே நோடுகளுக்குள்ளேயே வேலைப் பிரிவினை உண்டு: பேரேட்டை வைத்திருந்து பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தரும் நோடுகள் ஒருபுறம், வரிசைப்படுத்தித் தொகுதியாக்கும் நோடுகள் மறுபுறம். வரிசைப்படுத்தும் நோடு மூன்று இருந்தால் ஒன்று விழலாம், ஐந்து இருந்தால் இரண்டு விழலாம். விழுவதைத்தான் இது தாங்கும். ஒருவர் வேண்டுமென்றே பொய் சொல்வதைத் தாங்கும் முறை 2024-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது.

ஆனால் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த நோடுகளை யார் யார் வைத்திருக்கப் போகிறார்கள்? நெசவாளர் சங்கம் ஒன்று, வணிகர்கள் ஒன்று, சோதிக்கும் அமைப்பு ஒன்று என்று நலன் வேறுபட்டவர்கள் தனித்தனியே ஓட்டினால் பயன் உண்டு. ஐந்தையும் ஒரே அலுவலகம் ஒரே அறையில் வைத்தால், சாதாரணத் தரவுத்தளம் மலிவு. தமிழ்நாடு அரசு 2020-இல் பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டு, 'நம்பிக்கை இணையம்' என்ற பெயரில் பொது அடித்தளத்தையும் அமைத்தது. ஒன்றிய அரசு 2024 செப்டம்பரில் தொடங்கிய 'விஸ்வஸ்யா' என்னும் பிளாக்செயின் அடித்தளம் புவனேசுவரம், புனே, ஐதராபாத் ஆகிய மூன்று தரவு மையங்களில் ஓடுகிறது. இரண்டும் அரசுப் பயன்பாட்டை முன்வைத்தவை.

இன்னொரு வரம்பும் உண்டு. சேலையில் ஒட்டிய குறியீட்டைச் சங்கிலி சரிபார்க்கும். அந்தச் சேலை கைத்தறியில் நெய்யப்பட்டதா என்பதை அது அறியாது. அதைத் தறிக்குப் போய்ப் பார்த்த ஒருவர் எழுத வேண்டும். அவர் தவறாக எழுதினால் அந்தத் தவறு அழிக்க முடியாதபடி பதிந்திருக்கும்.

வீட்டில் வைக்காமல் வாடகைச் சேவையகத்தில் வைத்தால் என்ன?

பழகுவதற்கு நல்லது. நாளடைவில் வாடகை, வாங்கும் விலையை மிஞ்சும். வட்டும் அதிலுள்ள சாவியும் பிறர் கையில் இருக்கும். பெரும்பாலான நோடுகள் சில பெருநிறுவனங்களின் மையங்களில் குவிவது வலையமைப்புக்கும் நல்லதல்ல. சில நிறுவனங்கள் இத்தகைய மென்பொருளை ஓட்டுவதைத் தம் விதிகளில் தடுத்திருப்பதால் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சட்டச் சிக்கல் உண்டா?

நோடு ஓட்டுவதைத் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. வங்கிகள் இத்துறைக்குச் சேவை அளிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் விடுத்த சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று நீக்கியது. 2022 ஏப்ரல் 1 முதல் மெய்நிகர் சொத்தை விற்ற இலாபத்துக்கு 30 விழுக்காடு வரி; ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் இலாபத்தில் கழிக்க முடியாது. சரிபார்ப்பாளராகப் பரிசு பெறுபவர், வந்த தேதியையும் அன்றைய ரூபாய் மதிப்பையும் குறித்து வைத்து ஆடிட்டரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆண்டுக் கடைசியில் நினைவிலிருந்து எழுத முடியாத அளவுக்குச் சிறு வரவுகள் சேர்ந்திருக்கும்.

பாதுகாப்புக்கு எதைக் கவனிக்க வேண்டும்?

நோடுகள் பேசிக்கொள்ளும் துறை வேறு, நோடுக்குக் கட்டளையிடும் துறை வேறு. பிட்காயினில் 8333 முதலாவது, 8332 இரண்டாவது. எத்தேரியத்தில் 30303 முதலாவது, 8545 இரண்டாவது. கட்டளைத் துறையை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்; திறந்து கிடக்கும் 8545-ஐத் தேடித் திரியும் நிரல்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெரிய தொகைக்கான சாவி நோடு இருக்கும் கணினியில் இருக்கவே வேண்டாம். புதுப்பித்தலில் பிட்காயின் பொறுமையானது. பழைய பதிப்பும் பெரும்பாலும் ஓடும். எத்தேரியத்தில் திட்டமிட்ட மேம்பாட்டு நாளுக்கு முன் புதுப்பிக்காவிட்டால் நோடு சங்கிலியை விட்டு விலகிவிடும்.

போதும் என்று தோன்றினால் எப்படி நிறுத்துவது?

முழு நோடு என்றால் மென்பொருளை முறைப்படி நிறுத்தச் சொல்லி, அது எழுதி முடிக்கும் வரை ஓரிரு நிமிடம் பொறுத்து, பிறகு மின்சாரத்தை எடுங்கள். வலையமைப்பிடம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. மின்னல் நோடு என்றால் எல்லாத் தடங்களையும் மறுதரப்பின் ஒப்புதலோடு மூடி, தொகை சங்கிலியில் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகே அணைக்க வேண்டும். சரிபார்ப்பாளர் என்றால் வெளியேறும் விருப்பத்தைக் கையொப்பமிட்டு அனுப்பி, வரிசையில் உங்கள் முறை வரும் வரை நோடை ஓட்டிக்கொண்டே இருங்கள். அதற்கு முன் அணைத்தால் அபராதம் தொடரும். எஸ்எஸ்டியை விற்பதாக இருந்தால், பணப்பைக் கோப்பு அதில் இருக்கிறதா என்று பார்த்து, காப்புப்படி எடுத்து, முழுவதும் அழித்த பிறகு கொடுங்கள்.